காணிக்கை போய்ச் சேர்ந்தது, நாம் போனோமா?

தியானப் பகுதி: ரோமர் 15:25–33, 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்



சென்ற இரண்டு வாரங்களாக இப்பக்கத்தில் தியானம் வெளிவரவில்லை. கிராமப்புற விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கல்விச் செலவுக்காகப் பல சபைகளைச் சேர்ந்த 22 பேர் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சைக்கிளில் சென்றதையும், அவர்களுள் நானும் ஒருவன் என்பதையும் அறிவீர்கள். உங்கள் ஜெபங்களால் ஒன்பது நாள் பயணமும் விபத்தின்றி முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் இது நன்றி அறிவிப்பு அல்ல. இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்கு மனவருத்தம் தரலாம். எழுதுகிற எனக்கு அது முதலில் வந்துவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, தவறாக நினைக்காதீர்கள். இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு, கூடவே வரும் வேனுக்கு டீசல், பனியன், பேனர் என்று ஆகிற செலவையும் சேர்த்து விடுதிக்கே அனுப்பிவிட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமே. கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு ஒன்பது நாளா?” என்று கேட்டார். உங்களில் பலருடைய மனத்திலும் இதே கேள்வி இருந்தது என்பதை நான் அறிவேன்.

பெத்தானியாவில் பரிமளதைலத்தின் விலையைக் கணக்கிட்டவனோடு அவரை ஒப்பிட்டு வாயடைப்பது ஒரு போதகனுக்கு மிகவும் எளிது. அது நியாயமன்று. யூதாஸ் பணப்பையிலிருந்து எடுத்தவன். இந்தப் பெரியவரோ நம் சபையின் பணத்தைப் பல ஆண்டுகள் ஒரு ரூபாய் குறையாமல் காத்தவர். அவருடைய கணக்கும் சரியானதே. பணம் சேர்ப்பது மட்டுமே நோக்கமானால், சைக்கிள் பயணத்தைப் போல் வீணான வழி வேறில்லை.

அன்று என்னிடம் பதில் இல்லை. பயணத்தின் எட்டாம் நாள் அது கிடைத்தது. அவருக்குச் சொல்லலாம் என்று எடுத்துக்கொண்ட அந்தப் பதில் என்னையே குற்றவாளியாக்கிற்று.

அன்று விடியற்காலை சாத்தூரில் ஓர் ஆலய மண்டபத்தின் தரையில் விரித்திருந்த பாய்களைச் சுருட்டினோம். அவ்வூர்ச் சபையின் பெண்கள் எங்களுக்கு முன்னரே எழுந்து இட்லி அவித்து வைத்திருந்தார்கள். ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். பாளையங்கோட்டைவரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

எங்களில் பெரும்பாலோர் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள். விலையுயர்ந்த கியர் சைக்கிள்கள், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் வைத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கொத்தனார். என் வயதுக்காரர். அவர் ஓட்டி வந்தது பின்னால் கேரியர் வைத்த பழைய கறுப்பு சைக்கிள். “அண்ணே, இவ்வளவு தூரம் ஓட்டிப் பழக்கம் உண்டா?” என்று முதல் நாளே ஓர் இளைஞர் அவரிடம் அக்கறையாகக் கேட்டார். “தம்பி, வேலைக்குப் போக வர தினம் நாப்பது கிலோமீட்டர். முப்பது வருசமா ஓட்டுறேன். அதுக்கு யாரும் மாலை போட்டதில்ல” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நாங்களும் சிரித்தோம். சென்னையில் புறப்படும்போது எங்களுக்குப் போட்ட ரோஜா மாலைகள் மட்டும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஏழைகள் தினமும் செய்கிற ஒன்றை நாம் ஒன்பது நாள் செய்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கிறோம்.

கோவில்பட்டியைக் கடந்ததும் காற்று எழும்பியது. ஆடி முடிந்தும் அடங்காத தென்மேற்குக் காற்று. இருபுறமும் கரிசல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, சாலையோரமெங்கும் வேலிக்கருவை. கயத்தாற்றை நெருங்க நெருங்கக் காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றைச் சுழற்றிய காற்றே எங்கள் மார்பிலும் வந்து மோதியது. கொத்தனார் எல்லாருக்கும் முன்னே போய்விட்டார். நான் எல்லாருக்கும் கடைசியில் வந்தேன். கயத்தாற்றுக்குச் சற்று முன்பு என் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. வேன் முன்னே போயிருந்தது. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வேலிக்கருவை முள் என்று எடுத்துக் காட்டினார். பிறகு, “எதுக்கு ஐயா, இந்த வயசுல?” என்று கேட்டார். நான் சற்றுப் பெருமையாகவே என் பனியனில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். அவர் அதை நிதானமாக வாசித்தார்.

“என் மகளும் விடுதியிலதான் படிச்சா” என்றார்.

எனக்கு மகிழ்ச்சி. நன்றாகப் பார்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன்.

“சோறு நல்லாப் போட்டாக. படிப்பும் நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாக. குறை சொல்லக்கூடாது. பணம் குடுக்கிறவுக வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ வருவாக. பிள்ளைகள வரிசையா நிப்பாட்டி, ஆளுக்கொரு பையக் கையில குடுத்துப் போட்டோ எடுப்பாக. சிரிக்கலேன்னா மறுபடியும் எடுப்பாக. படிப்ப முடிச்சு வந்த அன்னைக்கு அந்தப் போட்டோவ எல்லாம் அவளே அடுப்புல போட்டுட்டா. ஏம்மான்னு கேட்டேன். ‘ஏழு வருசத்துல ஒருத்தர்கூட எனக்கு என்ன பிடிக்கும்னு கேக்கலப்பா’ன்னு சொன்னா.”

அந்த மகள் இப்போது ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாராம். இதைச் சொல்லும்போது அவர் உப்புத்தாளால் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

வேலை முடிந்தது. எவ்வளவு என்று கேட்டேன். அறுபது என்றார். நூறு ரூபாயை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன். “கூலி அறுபதுதான்” என்று சொல்லி நாற்பது ரூபாயை என் கையில் வைத்தார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, தம் பணத்திலிருந்து நூறு ரூபாய் எடுத்தார். “இது பிள்ளைகளுக்கு. ரசீது போடுங்க.” அவரிடம் வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இருக்கட்டும், ரசீதெல்லாம் எதற்கு என்று தடுமாறினேன். “மத்தவுகளுக்கு எல்லாம் குடுக்கீகல்ல? எனக்கும் குடுங்க” என்றார். பையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். வாங்கி வாசித்துவிட்டு, பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்று திருப்பித் தந்தார். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதைக் கடையில் ஓர் ஆணியில் குத்தி வைத்தார்.

அன்பானவர்களே, அன்று மாலை பாளையங்கோட்டை பரிசுத்த திரித்துவ பேராலயத்தின் கோபுரம் கண்ணில் பட்டபோது மற்றவர்கள் ஆரவாரித்தார்கள். இரவு ஜெபத்தில் ஒவ்வொருவரும் எதிர்க்காற்றைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். என்னால் பேச முடியவில்லை. என் ஊழியத்தில் எத்தனை மேடைகளில், எத்தனை பிள்ளைகளின் பக்கத்தில், ஒரு பையின் மறுகாதைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிக்க இயலவில்லை. அவற்றுள் எத்தனை படங்கள் எந்தெந்த அடுப்புகளில் எரிந்தனவோ!

ஆகவே, மூத்தவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். பணத்தை அனுப்பினால் போதாதா?

இதே கேள்வியை அப்போஸ்தலனாகிய பவுலிடம் கேட்டுப் பாருங்கள். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ள சபைகள் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்திருந்தன. பவுலின் மனமோ மேற்கே இருந்தது. ரோமாபுரிக்கும் அங்கிருந்து ஸ்பானியாவுக்கும் போக அவர் பல ஆண்டுகளாக ஏங்கியிருந்தார். நம்பிக்கையான ஆட்களிடம் கொடுத்தனுப்பும் வழியும் அவருக்கு இருந்தது. 1 கொரிந்தியர் 16-ஆம் அதிகாரத்தில் அதை அவரே யோசிக்கிறார். இருந்தும் மேற்கே போகவேண்டியவர் கிழக்கே திரும்பினார். தனியாகவும் போகவில்லை. அப்போஸ்தலர் 20-இல் அவரோடு சென்றவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது: பெரோயா ஊரார் ஒருவர், தெசலோனிக்கேயர் இருவர், தெர்பையிலிருந்து ஒருவர், ஆசியா நாட்டார் இருவர், இவர்களுடன் தீமோத்தேயு. நாம் அந்த வசனத்தை வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையோடு நெடுந்தூரம் கூட்டமாகப் பயணம் செய்த மனிதரின் பட்டியலாக அதை வாசித்துப் பாருங்கள். துரோவாவிலிருந்து ஆசோ பட்டணத்துக்கு மற்றவர்கள் கப்பலேறியபோது பவுல் மட்டும் தரைவழியாகச் சென்றார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. காரணத்தை லூக்கா எழுதவில்லை. எதிர்க்காற்றில் சாலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் வேறு விதமாகக் கேட்கும்.

ரோமர் 15:26-இல் அந்தக் காணிக்கையைக் குறிக்கப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘கொய்னோனியா’. ஐக்கியம் என்று நாம் ஒவ்வொரு ஆராதனை முடிவிலும் ஆசீர்வாதத்தில் கேட்கும் அதே சொல். பணமும் ஐக்கியமும் அவருக்கு இரண்டல்ல. 2 கொரிந்தியர் 8-இல் மக்கெதோனியரைப் பாராட்டும்போது, அவர்கள் பணத்துக்கு முன்பாகத் தங்களையே கொடுத்தார்கள் என்கிறார். அதே அதிகாரத்தில் தம் நோக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறார்: சமநிலை. இன்று உங்களிடம் உள்ளது அவர்கள் குறைவை நிரப்பும். ஒரு நாள் அவர்களிடம் உள்ளது உங்கள் குறைவை நிரப்பும். கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவும், வாங்குபவர் எப்போதும் வாங்குபவராகவும் நிற்கும் மேடை பவுலின் நிருபங்களில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் காணிக்கையை எருசலேமின் விசுவாசிகள் ஏற்றுக்கொள்ளும்படி தமக்காக ஜெபிக்கச் சொல்லிப் பவுல் ரோமாபுரிச் சபையைக் கெஞ்சுகிறார். ஏழைகள் நம் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும் என்ற பயம் நம்மில் யாருக்காவது என்றைக்காவது வந்ததுண்டா? எனக்கு வந்ததில்லை. அந்த நாற்பது ரூபாய் என் கைக்குத் திரும்பி வந்தபோதுதான் அப்பயத்தின் முதல் பாடம் கற்றேன். பவுல் எருசலேமில் பிடிபட்டார். அந்தக் காணிக்கைப் பயணம் அவருடைய விடுதலையையே விலையாக வாங்கிற்று.

நம் மண்ணிலிருந்தும் ஒரு சாட்சியைச் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றவர். 1912-இல் தோர்னக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் தெலுங்கு கிராமங்களைச் சுற்றி வந்தவர். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் மேல்நாட்டு மிஷனெரிகளை நோக்கி, நீங்கள் பொருளையும் உயிரையும்கூட எங்களுக்குத் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்ற பொருளில் முறையிட்டார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. நாம் அதை நூறாண்டுகளாகப் பெருமையோடு சொல்லி வருகிறோம், அன்று கேட்கவேண்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதால். இன்று அதே சொல்லை ஒரு பஞ்சர் கடைக்காரரின் மகள் நமக்குச் சொல்கிறாள். கேட்கவேண்டிய இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற கிரேக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு பண்ணையைத் தொடங்கி, அதற்குக் ‘கொய்னோனியா’ என்றே பெயரிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டதற்காக அந்தப் பண்ணை புறக்கணிப்பையும் துப்பாக்கிக் குண்டுகளையும் சந்தித்தது. இளவயதிலேயே கோடீசுவரராகி, பின் தம் செல்வத்தைத் துறந்த மில்லர்ட் ஃபுல்லர் அங்கேதான் ஏழைகளோடு சேர்ந்து வீடு கட்டும் முறையைக் கற்றார். 1976-இல் ஹேபிடாட் அமைப்பும், 2005-இல் ஃபுல்லர் மையமும் அதிலிருந்து பிறந்தன. அந்த மையத்தின் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் செல்பவர்கள் இரவில் ஆலயங்களில் தங்குகிறார்கள். சில நாள்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வீடு கட்டும் வேலையில் இறங்குகிறார்கள். வீடு பெறும் குடும்பமும் கூடவே உழைக்கிறது. பின்பு வட்டியில்லாமல் தவணை செலுத்துகிறது. அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீடாகிறது. அங்கே வாங்கியவரும் கொடுப்பவராகிறார். ஆணியில் குத்தி வைத்த அந்த ரசீதுக்கும் இதுதான் பொருள்.

இனி நம் சபைக்கு வருகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு முந்தின வாரத்தில் நாம் நலத்திட்ட உதவி வழங்குகிறோம். விதவைகளுக்குப் புடவை, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக அழைக்கிறோம். அவர்கள் கைகூப்பிக்கொண்டு மேடையேறுகிறார்கள். கொடுப்பவர் பையை விடாமல் பிடித்திருக்க, வாங்குபவரும் அதைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து முடியும்வரை நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே விதவையின் பெயரை நாம் மறுபடியும் பட்டியலைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம். ஓராண்டு முழுவதும் ஒரே ஆலயத்தில் ஆராதித்தும் அவர் வீடு எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியாது. வலது கை செய்வதை இடது கையிடம்கூடச் சொல்லாதே என்று போதித்தவரின் பிறந்தநாளை, கைகள் இரண்டையும் படம்பிடித்துக் கொண்டாடுகிறோம். இதை ஏற்பாடு செய்தவன் நான். முன்வரிசையில் நின்றவனும் நானே.

பணம் அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். அரிசிக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக மூச்சுவிடுகிறோமே, அந்த நிம்மதியை நான் எதிர்க்கிறேன். முடிந்தது பணப்பரிமாற்றம், ஐக்கியம் இன்னும் தொடங்கவே இல்லை. சைக்கிள் பயணத்தையும் நான் புனிதப்படுத்தவில்லை. மாலையும் பேனருமாக அதுவும் சக்கரம் வைத்த மேடையாகிவிடும். எங்கள் பயணம் பாதி அப்படித்தான் இருந்தது. காற்று இறங்கி, சார்ஜ் தீர்ந்து, கூலிக்கு வேலை செய்யும் ஒருவரின் நிழலில் உதவி கேட்டு நான் நிற்கவேண்டி வந்ததால் மட்டுமே, கேட்கவேண்டியதை என் காது கேட்டது. சொகுசுக் காரில் போயிருந்தால் அந்தப் புளியமரத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆகையால் மூன்று காரியங்களைச் சேகரக் கமிட்டியின் முன் வைக்கப் போகிறேன்.

முதலாவது, இந்தக் கிறிஸ்துமஸ் முதல் உதவி பெறுவோரை மேடையேற்றுவதும் படம் எடுப்பதும் நிற்கவேண்டும். கொடுக்கவேண்டியதை அவரவர் வீட்டுக்கு நாமே கொண்டுபோவோம். உட்காரச் சொன்னால் உட்காருவோம். தேநீர் தந்தால் குடிப்போம்.

இரண்டாவது, ஒரு பிள்ளையின் படிப்பைத் தாங்கும் ஒவ்வொரு குடும்பமும், விடுதிப் பொறுப்பாளரின் அனுமதியோடு, ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கே சென்று பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கேமரா வேண்டாம். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, அடுத்த ஆண்டும் சைக்கிளில் போவோம். மாலை இல்லை, பேனர் இல்லை. கொத்தனார் முன்னே செல்வார். ஓட்ட இயலாதவர்கள் வழியிலுள்ள சபைகளைப்போல நம் ஆலய மண்டபத்தைத் திறந்து, வரும் பயணிகளுக்குப் பாய் விரித்து இட்லி அவிக்கலாம். ரசீதுப் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றே.

படங்களை நிறுத்தினால் நன்கொடை குறையும் என்று பொருளாளர் என்னிடம் எச்சரித்திருக்கிறார். குறையலாம். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்களில் சிலர் படம் வராத பணத்தை வீணென்று நினைப்பார்கள். அந்தக் குறைவுக்காகப் பிள்ளைகள் பசித்திருக்கக்கூடாது. எனவே அதை ஈடுசெய்ய என் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தொடங்குகிறேன். உங்களில் யார் யார் என்னோடு சேருவீர்கள் என்று கேட்கிறேன். கேள்வி கேட்ட அந்த மூத்தவர் முதலில் வருவார் என்பது என் நம்பிக்கை. கணக்கு எழுதத் தெரிந்த அவர், அந்தப் பஞ்சர் கடைக்காரரின் பெயரை ஆண்டறிக்கையின் நன்கொடையாளர் பட்டியலில், எழுத்துப் பிழையில்லாமல், மற்றவர்களோடு சேர்த்து எழுதித் தரவேண்டும்.

ஜெபம்: ஐசுவரியத்தை விட்டு எங்களைத் தேடித் தரித்திரராய் வந்த ஆண்டவரே, தூரத்திலிருந்து அனுப்பிவிட்டு ஓய்ந்துபோன எங்களை மன்னியும். நாங்கள் நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்ன பிள்ளைகளிடம் எங்களை மன்னிப்புக் கேட்கச் செய்யும். வாங்குகிறவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் காணிக்கை ஏற்றுக்கொள்ளப்படுவதாக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்